இருவர் ஏறினால் வரும் தண்ணீர்

லிப்ஸ்டிக்கின் மூடியைப் பம்ப் அக்கா பல்லால்தான் கழற்றுவார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் அந்தச் சிவப்புக் குச்சி. மூடி கடைவாயில் அப்படியே நிற்கும். குச்சி மட்டும் அவர் உதட்டைத் தொட்டதே கிடையாது. படகின் வெளிப்புறத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு, உள்ளே விரலளவு உயரத்தில் இன்னொரு கோடு, அப்புறம் காத்திருப்பு. பென்சில் ஈரத்தில் எழுதாது, சாக்பீஸ் கரைந்துவிடும். "இது ஒண்ணுதான் போகவே போகாது. துணி துவைக்கிற பொம்பளைகளைக் கேட்டுப் பாருங்க" என்பார்.

கைகளில் வளையல் கிடையாது. கறுப்பு ரப்பர் வளையங்கள்தான். மணிக்கட்டில் சின்னவை, மேலே போகப் போகப் பெரியவை. பையில் போட்டால் தேட வேண்டும், கையில் போட்டால் கையோடு இருக்கும் என்பது அவர் கணக்கு. முழங்கைக்குக் கீழே கடைசியாக, நாக்குத் தொங்குவதைப் போல ரப்பர் துண்டு ஒட்டிய தடித்த வளையம் ஒன்று. அவர் கணவர் கடையில் உட்கார்ந்து பம்பு விற்கிறார். விற்ற பம்பு மக்கர் செய்யும்போது அக்கா போகிறார். "அவர் சிரிச்சுக்கிட்டே விப்பாரு. நான் திட்டு வாங்கிக்கிட்டே மாட்டுவேன்." பம்புகளை 'ராசா' என்று கூப்பிடுவார். கணவரை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

அன்று காலை அவரைப் படகுத்துறைக்கு வரச் சொன்னவள் ஒரு தங்கை. அவளுடைய அண்ணனும் கணவரும் கூட்டாக ஒரு படகு வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஒரு தொட்டி. பிடித்த மீன் அதில் உயிரோடு நீந்திக்கொண்டே கரைக்கு வரும். கடல் தண்ணீரைப் பம்பு உள்ளே இழுக்கும். மிஞ்சியது தொட்டியின் மேல்விளிம்பிலிருந்து ஒரு குழாய் வழியே போய், அதே மட்டத்தில் இருக்கும் படகின் பக்கவாட்டுத் துளையில் வெளியேறும். கடலில் ஒரு குறையும் இல்லை. கரையில் கட்டிப்போட்ட பிறகுதான் வினை. பம்பை நிறுத்தி எல்லாவற்றையும் இறுக மூடினாலும், டீசல் மிதக்கும் துறைத் தண்ணீர் எங்கிருந்தோ தொட்டிக்குள் வந்துவிடும். லாரி வருவதற்குள் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும்.

புதுப் பம்பு மாட்டிப் பார்த்தார்கள், வால்வை மாற்றினார்கள். கடைசியில் மாற்ற ஒன்றும் மிச்சமில்லாமல் ஒருவரையொருவர் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். கணவர் தனியாகப் போய்ப் படகில் உட்கார்ந்து பார்த்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அண்ணன் தனியாகப் போய்ப் பார்த்தார். அப்போதும் இல்லை. "நான் தனியா இருந்தா வர்றதே இல்ல, அவர் வந்தாத்தான் வருது" என்று இருவருமே அவளிடம் சொன்னார்கள், அநேகமாக அதே வார்த்தைகளில். பேச்சு நின்றது. அண்ணன் சாப்பிடுவது தங்கை வீட்டில்தான் என்பதால், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று அவள் வழியாகத் தூது விட்டார்கள். உப்பு அவர்களுக்கு நடுவில்தான் இருந்தது. சிரிப்பும் வந்தது அவளுக்கு, அழுகையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை படகைப் பார்க்க ஓர் ஆள் வருவதாக ஏற்பாடு. படகு போனால் இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க உலகத்தில் வேறு காரணமே இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

தொலைபேசியில் இதையெல்லாம் கேட்ட பம்ப் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிறப்ப மட்டும்தானே?" அப்புறம், இருவரையும் வரச் சொல் என்றார்.

வந்தார்கள். துறையின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர், சேராத கடிகார முட்கள் மாதிரி. அக்கா தொட்டியைக் காலி செய்து, பழைய துண்டால் குழந்தையின் தலையைத் துவட்டுவதுபோலத் துடைத்து, உள்ளே ஒரு கோடும் படகின் வெளியே தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடும் போட்டார். பம்பின் மேல் காதை வைத்து, "உன்மேல தப்பில்ல ராசா" என்று அதற்கு முதலில் விடுதலை கொடுத்தார். தங்கை ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தந்தாள். யாருமில்லாத படகில் தொட்டி காய்ந்து கிடந்தது. அண்ணனை மட்டும் ஏற்றினார். காய்ந்தே கிடந்தது. அவரை இறக்கிவிட்டுக் கணவரை ஏற்றினார். அப்போதும் அதேதான். இறங்கும்போது ஒவ்வொருவர் முகத்திலும் வழக்கு ஜெயித்த களை.

"இப்ப ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார் அக்கா. இருவரும் தங்கையைப் பார்த்தார்கள். "பின்னாடி, எப்பவும் உக்கார்ற இடத்துல உக்காருங்க. எனக்கு உங்க வெயிட்டுதான் வேணும், வியாக்கியானம் வேணாம்."

உட்கார்ந்தார்கள். முதுகோடு முதுகு ஒட்டி, முகம் மட்டும் ஆளுக்கொரு திசையில். படகின் பின்புறம் லேசாக அமிழ்ந்தது. வெளியே போட்டிருந்த சிவப்புக் கோடு தண்ணீருக்கடியில் போயிற்று. கூடவே பக்கவாட்டுத் துளையும் போயிற்று. தொட்டிக்குள் யாரோ எச்சில் விழுங்குவதுபோல ஒரு சத்தம். வெளியே போக வேண்டிய வழியாகவே தண்ணீர் சாவகாசமாக உள்ளே வந்து, கீழே இறங்கி, உட்கோட்டைத் தொட்டது.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இத்தனை நாள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்தால்தான் வருகிறது.

அக்கா அதோடு விடவில்லை. இரண்டு ஆளுக்கு இத்தனை கனமா என்று இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கால்மாட்டில் கிடந்த நங்கூரத்தை டார்ச்சால் தட்டினார். முன்னால் இருக்க வேண்டியது இங்கே என்ன செய்கிறது? நங்கூரத்துக்குப் பக்கத்தில் பேட்டரி, டீசல் கேன்கள். இவையும் முன்னறையில் இருக்க வேண்டியவைதானே?

 கணவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நங்கூரத்த நான்தான் நகத்துனேன். மச்சானுக்கு முன்னாடி போய் நின்னா தல சுத்துது. சொன்னா ஒத்துக்கமாட்டாரு. கைக்கெட்டுற மாதிரி வச்சுட்டேன்."

அண்ணன் எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேட்டரி, கேன் நான் வச்சது. மாப்பிள்ளைக்கு முட்டி வலி. அந்த முன்னறைக்குள்ள குனிஞ்சு போறதுக்குள்ள உசுரு போகுது. கேட்டா எனக்கா வலின்னுவாரு."

முதுகுகள் திரும்பின.

"எனக்குத் தல சுத்துதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"எனக்கு முட்டி வலின்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

இருவரும் ஒன்றாகத் தங்கையைப் பார்த்தார்கள். அவள் ஃபிளாஸ்குக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தது அண்ணன்தான். அவர் சிரிப்பில் படகு ஆடியது. தொட்டி இன்னொரு மடக்கு விழுங்கியது. அதைக் கேட்டுக் கணவரும் சிரித்தார். பாவம், அவ்வளவு பாசத்தை ஒரு பக்கமாகவே ஏற்றினால் எந்தப் படகுதான் தாங்கும்? நங்கூரத்தை முன்னால் கொண்டுபோகும்போது துறை முழுக்கக் கேட்கும்படி சண்டை. முட்டி பத்திரம் மாப்பிள்ளை என்கிறார் ஒருவர், முதலில் உங்கள் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் மற்றவர். எல்லாம் இடம் மாறிய பின் அக்கா இருவரையும் மறுபடி அதே இடத்தில் உட்காரவைத்தார். துளை தண்ணீருக்கு மேலே தலையைக் காட்டிக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய ஆளுக்குக் கணவரே போன் செய்து, படகு விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு, "மச்சான் வேணாங்குறாரு" என்று பழியை அங்கே போட்டார். மச்சான் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் பம்ப் அக்கா மறுபடி வந்தார். மீன் நிறைந்தால் படகு திரும்பவும் கொஞ்சம் இறங்கும், அதற்கும் ஒரு வழி செய்துவிடலாம் என்றார். ஆண்கள் இருவரும் முன்பக்கத்தில் கயிறு சுற்றியபடி யார் சுற்றுவது சரி என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா மூடியைப் பல்லால் கழற்றி, துளையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் போட்டார். பிறகு முழங்கைக்குக் கீழிருந்த அந்த நாக்கு வளையத்தை உருட்டிக் கழற்றித் துளையில் பொருத்தினார். நாக்கை விரலால் தூக்கிக் காட்டினார். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறந்துகொள்ளும், வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். எவ்வளவு கனம் ஏறினாலும் துறைத் தண்ணீர் இனி உள்ளே வராது. மொத்த வேலையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் காலை முழுக்க அது அந்தக் கையில்தான் இருந்தது. அவள் வாயைத் திறக்குமுன், மூடியைக் கடித்த பற்களோடு அக்கா முன்பக்கத்தை நோக்கிக் கண்ணைச் சிமிட்டி, வெறுமையான முழங்கையின் மேல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.