உறை போட்ட ஒளிமானி

உங்கள் பிள்ளை வேதியியல் படிக்கிற கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் பளபளக்கும் கருவிகளின் படங்களைப் பார்த்து வாயைப் பிளந்தீர்களே, அந்தக் கருவிகளில் ஒன்றையாவது உங்கள் பிள்ளை விரலால் தொட்டிருக்கிறாளா? வாய் திறந்து கேட்டதுண்டா நீங்கள்?

தையல்காரி ஒருத்தியின் மகள் அப்படி ஒரு படத்தை நம்பித்தான் வேதியியலில் சேர்ந்தாள். முழுப் பக்கத்துக்கு ஓர் ஒளிமானி. கரைசலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, அதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து சொல்கிற கருவி. படத்தின் கீழே 'இளநிலை மாணவர்களின் பயன்பாட்டுக்கு' என்று அச்சிட்டிருந்தார்கள். அச்சு மைக்கு வெட்கமா, மானமா!

மாணவர்கள் கைக்குக் கிடைத்தவை வேறு. கரைசலை உறிஞ்சி அளக்கிற, நுனி உடைந்த பிப்பெட்டுகள். திருகில் வேசலின் அப்பியும் சொட்டுவதை நிறுத்தாத ப்யூரெட் குழாய்கள். பக்கத்தில் யாராவது நடந்தாலே எடையை மாற்றிச் சொல்கிற ஒரு தராசு. அதற்கு வகுப்பே வரிசையில் நிற்கும். ஒளிமானி மட்டும் துறைத்தலைவரின் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால், நீல வெல்வெட் உறைக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

அந்தத் துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பூட்டு'. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பார். முதல் ஆண்டிலேயே இவள் கேட்டுப் பார்த்தாள்.

"சார், ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்களேன்."

"ஏம்மா, மூணு வருஷம் இருந்துட்டுப் போறவ நீ. அது முப்பது வருஷம் இருக்கணும். உங்க கையில குடுத்தா ஒரே வாரத்துல காயலான் கடைக்குப் போயிடும். தள்ளி நின்னு பாரு, போதும்."

உறை போட்ட கருவியைத் தள்ளி நின்று பார்ப்பதுதான் செய்முறைப் பாடம்! பார்த்து முடித்ததும் கரும்பலகையில் அளவுகளை எழுதிப் போடுவார். பிள்ளைகள் வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். இவள் இழுத்த கோடு ஒரு மயிரிழைகூடப் பிசகாது. அதனால் தோழிகள் இவளை 'நேர்க்கோடு' என்றார்கள். இவளுக்கும் அதில் பெருமை. அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

படிப்பு முடிந்ததும் ஊரின் குடிநீரைச் சோதிக்கிற ஆய்வகத்தில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். தலைமை ஆய்வாளர் ஓர் அம்மாள், சுருக்கமாகப் பேசுகிறவர். வேதியியல் விதிகளைக் கேட்டார். நேர்க்கோடு தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள், சொன்னாள். பிறகு ஒளிமானியைக் காட்டி, "இந்தத் தண்ணிய அளந்து குடு" என்றார்.

விரல் நீளத்தில் ஒரு சதுரக் கண்ணாடிக் குப்பி. அதில் எதிரெதிராக இரண்டு பக்கம் தெளிந்திருக்கும். ஒளி போகிற வழி அது. மற்ற இரண்டு பக்கத்தையும் வேண்டுமென்றே மங்கலாகத் தேய்த்திருப்பார்கள். விரலால் பிடிக்கிற இடம் அது. நேர்க்கோடு தெளிந்த பக்கங்களில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அழுத்திப் பிடித்தாள். மங்கலைப் பார்த்து முகம் சுளித்தாள். கைக்குட்டையை எடுத்துத் தேய் தேயென்று தேய்த்தாள்.

"மேடம், இதுல அழுக்கு ஏறிப் போயிருக்கு. சோப்புப் போட்டாதான் போகும்."

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"இத நீ இதுக்கு முன்னால தொட்டதே இல்லையா?"

"இல்ல மேடம்."

"திங்கட்கிழமை வா. அதுக்குள்ள கத்துக்கிட்டு வந்தா வேலை உனக்கு."

நேராகக் கல்லூரிக்கு ஓடினாள். பூட்டிடம் மன்றாடினாள். "வெளி ஆளுங்களுக்கு அனுமதி இல்ல" என்றார் மனிதர். நேற்று வரை அவர் மாணவி, இன்று வெளியாள்! அவளுக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, அவர் நாற்காலியைச் சுற்றிப் போய் உறையை உருவி எறிந்தாள். கருவியில் குப்பி வைக்கிற குழியின் மூடியைத் திறந்தாள்.

உள்ளே வெள்ளை ஸ்பாஞ்ச். கம்பெனியிலிருந்து வரும்போது ஆடாமல் இருக்க அடைத்து அனுப்பிய ஸ்பாஞ்ச், அடைத்தது அடைத்தபடியே இருந்தது.

"சார், இத யாருமே ஓட்டினதில்லையா?"

பூட்டு உறையைக் குனிந்து எடுத்து, தூசி தட்டினார்.

"அப்ப போர்டுல எழுதிப் போட்ட அளவெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"நான் படிக்கிறப்ப எங்க வாத்தியார் எழுதிப் போட்டது. எல்லாம் சரியான அளவுதான்!"

"உங்களுக்கு இத ஓட்டத் தெரியுமா சார்?"

"முதல்ல வெளிய போ!"

பட்டம், பதவி, இடுப்பில் சாவிக்கொத்து. தனக்குத் தெரியாத ஒன்றைப் பிறரும் தெரிந்துகொள்ளாமல் காவல் காத்ததுதான் அந்த ஆளின் வாழ்நாள் சேவை. இப்படிப்பட்டவர்கள் தெருவில் போனால் நாம் எழுந்து நிற்கிறோம்.

திங்கட்கிழமை நேர்க்கோடு வெறுங்கையோடு போய் நின்று நடந்ததைச் சொன்னாள். வேலை வேறொருவனுக்குப் போனது. அவன் படித்த இடத்தில் தொட விட்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாட்டில் கழுவ ஆள் வேணும், வர்றியா?" என்றார்.

வீட்டில் அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கத்தினாள். "ஏன்டி, மூணு வருஷம் படிச்சது பாட்டில் கழுவவா?"

"கழுவுற பாட்டிலையாவது தொடலாம்மா."

கழுவினாள். ஓய்ந்த நேரமெல்லாம் ஒளிமானியின் முன்னால் உட்கார அந்த அம்மாள் விட்டார். தானே அளந்த புள்ளிகளை வைத்து முதல்முறை கோடு இழுத்தபோது எந்தப் புள்ளியும் கோட்டில் நிற்கவில்லை. கோணலான அந்தத் தாளை அவள் கிழித்துப் போடவில்லை. சில ஆண்டுகளில் அளக்கிற வேலையே அவளுக்கு வந்தது. இன்று அங்கே ஆளெடுக்கிற தேர்வை நடத்துகிறவளும் அவள்தான். அந்தக் கல்லூரியிலிருந்து இன்னும் பிள்ளைகள் வருகிறார்கள். விதிகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். பிறகு குப்பியை வாங்கி, மங்கலைப் பார்த்து, கைக்குட்டையை எடுக்கிறார்கள்.

நாளைக்கே உங்கள் பிள்ளையின் கல்லூரிக்குப் போங்கள். கும்பிடு போட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்காமல் உள்ளே போங்கள். உறையை எடுக்கச் சொல்லுங்கள், மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே ஸ்பாஞ்ச் இருந்தால் பிடுங்கி அவர்கள் மேசைமேல் போடுங்கள். உங்கள் பிள்ளை அந்தக் கருவியின் முன்னால் உட்காரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.