மாமாவின் பச்சை வைத்தியம்

எதையும் பாதி கேட்டுவிட்டு மீதியைத் தானே முடித்துக்கொள்வது என் தாய்மாமாவின் பிறவிக் குணம். அந்த முறை பாதியை மட்டும் சொன்னது நான்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

நாங்கள் பர்மாவில், கியாக்டடாப் பேட்டையில் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்குச் சர்க்கரை. கண்ணில் கறுப்புப் பூச்சி பறக்கிறது என்று சொல்லிக்கொண்டே கீழே மசாலாக் கடையை நடத்தினார். எடைக்கல்லைத் தடவித் தேடும் நாள் வந்தபிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். அப்பாவுக்குக் கடை பர்மியம் தண்ணீராக வரும். டாக்டரின் பர்மியம் பிடிபடாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அப்போது ஒன்பதாம் வகுப்பு. அதனால் கூடப் போனேன்.

கண்ணின் உட்பக்கத்தில் இரத்தக் குழாய்கள் கசிகின்றன, பச்சை லேசரால் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சுட்டு அடைக்க வேண்டும், போன பார்வை திரும்பாது, இருப்பது நிலைக்கும் என்றார் டாக்டர். திங்கட்கிழமை வரச் சொன்னார். கண்ணைப் போய்ச் சுடுவது என்று தமிழில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல என் கௌரவம் விடவில்லை.

"பச்சை லேசர் வெளிச்சம் அடிச்சா சரியாயிரும்பா" என்று ஒரே வரியில் முடித்தேன்.

விஷயம் கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினிலிருந்து பஸ் ஏறி வந்தார். அங்கே ஒரு கட்டட வேலையில் அவர் கொத்தனார். எஞ்சினியர் சுவரில் பச்சைக் கோடு விழவைத்து மட்டம் பார்ப்பாராம். அந்த ஒரு காரணத்தால் லேசர் விஷயத்தில் மாமா நிபுணர். சட்டைப் பையிலிருந்து பேனா போல ஒன்றை எடுத்தார். சீனச் சாமான். பால்கனியில் நின்று பொத்தானை அழுத்த, கொசுவத்திப் புகைக்குள் பச்சைக் கம்பி ஒன்று நீண்டது. எதிர்வீட்டில் பெண்கள் உடுத்தும் தமீன் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது; அதன் மேல் புள்ளி குதித்தது. அந்த வீட்டுப் பர்மிய அம்மா காக்கையைத் திட்டுவதுபோல எங்களைத் திட்டினார்.

"அதே லேசரு, அதே பச்சை மச்சான். ஆஸ்பத்திரியில போய் எதுக்குக் கெடக்கணும்? ஞாயித்துக்கெழம நானே அடிச்சு விட்டுர்றேன்" என்றார் அப்பாவிடம்.

"மாமா, கண்ணுல படக் கூடாதுன்னு அதுலயே எழுதி ஒட்டியிருக்கு."

"அது சேப்புக்கு எழுதுனது புள்ள. சேப்பு சூடு, பச்சை குளுமை. வாழையெலயப் பாத்தா ஒனக்குக் கண்ணு எரியுதா?"

அம்மா தலையாட்டினார். எங்கள் வீட்டில் உலகத்துப் பொருளெல்லாம் சூடு, குளிர்ச்சி என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. லேசரும் தப்பவில்லை.

மறுநாள் டியூஷனில் இயற்பியல் சொல்லித்தந்த, சயாமா என்று நாங்கள் கூப்பிடும் டீச்சரிடம் ஓடினேன். அவர் பலகையில் படம் போட்டார். அந்தப் பேனாவுக்குள் பிறப்பது பச்சையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒரு படிகத்தைத் தூண்டுகிறது. அதிலிருந்து வருவதும் தெரியாத ஒளிதான். இரண்டாவது படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கும்போதுதான் பச்சை வருகிறது. மட்டமான பேனாக்களில் மிச்ச அகச்சிவப்பை வடிகட்ட ஒன்றும் இருக்காது. அதுவும் சேர்ந்தே வெளியே வரும். தெரியாததால் கண் இமைக்காது. டாக்டர் அளந்த சக்தியில், அளந்த நேரத்துக்கு, லென்ஸ் வைத்துக் குறிபார்த்து அடிப்பது வேறு.

அத்தனையையும் வீட்டில் வந்து ஒப்பித்தேன்.

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாம்! தெரியலன்னா அது என்னடி வெளிச்சம்?" என்றார் மாமா. அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை நல்ல நேரம் பார்த்து, அப்பாவைக் கிழக்கு பார்த்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அம்மா திருநீறு பூசிவிட்டார். மாமா ஒரு கையால் அப்பாவின் இமையை விரித்துப் பிடித்து, மறு கையால் பேனாவை நெருக்கினார். நான் பாய்ந்து அதைப் பிடுங்கி, மூடியைத் திருகி, பேட்டரி இரண்டையும் பால்கனிக்கு வெளியே எறிந்தேன்.

"ஏய், கீழ ஆளு நடக்குதுடி!" என்று மாமா அலறினார்.

"அது குளுமை இல்ல, சுடுறது! டாக்டரே சுட்டுத்தான் அடைக்கப் போறாரு. போன பார்வை வராது. இருக்கறதக் காப்பாத்தத்தான் அது!"

 அப்பா கேட்டார்: "இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

நான் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை அப்பா கிளம்பினார். மாமாவும் வேலைக்குப் போகாமல் கூடவே வந்தார். காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். லேசர் அறை வாசலில், கூட ஒருவர் வரலாம் என்றார் நர்ஸ். நான் எழுந்தேன்.

"நீ இங்கயே இரும்மா. மச்சான், நீ வா" என்றார் அப்பா.

டாக்டர் பேசுவது ஒரு வரிகூடப் புரியாத இரண்டு பேர் உள்ளே. புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் பெஞ்சில்! எரிச்சலில் எனக்குக் காது சூடாகியது. கதவு திறந்தபோது மாமா வழக்கம்போல ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய சட்டையை அப்பா இறுக்கிப் பிடித்திருந்தார்.  என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார்.

அப்பாவுக்கு மிச்சமிருந்த பார்வை நிலைத்தது. நான்தான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. விவரம் தெரிந்த என்னை வெளியே உட்கார வைத்தது தண்டனை என்றே நினைத்தேன். என் முன்னால் அவரால் பயப்பட முடியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.