சூளையைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம்

அக்காவின் பொம்மை யூனிட் செராமிக் எஸ்டேட்டில், அந்தப் பீங்கான் தொழிற்பேட்டையில், இருக்கிறது. சூளையில் சூடு ஏறும்போது இடத்தை விட்டு நகர மாட்டாள். கொலு ஆர்டர் கழுத்தை நெரித்த வாரத்தில்தான் அவள் மகளுக்கு நல்லூரில் வளைகாப்பு. சுடுவதைத் தள்ளிப்போட முடியாது. அம்மா போகாமல் எப்படி?

"கம்ப்யூட்டரு படிச்சவன்தானே, எதுனா பண்ணேன்டா" என்றாள்.

பண்ணினேன். சூடு எல்லை தாண்டினால் அவள் செல்லுக்கு மெசேஜ் போகும். அவள் போன் போட்டால் பக்கத்து யூனிட்காரர் கேஸைக் குறைப்பார். நான் கையால் ஓட்டினால் புரோகிராம் அருமையாக ஓடியது. ஆனால் எஸ்டேட்டில் கரண்ட் போய்ப் போய் வரும். கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பியதும் யாரும் தொடாமல் பின்னணியில் அது தானாக ஓட வேண்டும். அப்படி விட்டால் உடனே செத்தது.

அதே கம்ப்யூட்டர், அதே புரோகிராம். நான் எதிரில் உட்கார்ந்தால் ஓடுகிறது, விட்டுவிட்டுப் போனால் விழுகிறது. ஃபைலைத் திறக்கும் அனுமதியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், புரோகிராமையே திரும்ப எழுதினேன். ஒன்றும் விளங்கவில்லை. பைத்தியம் எனக்கா அதற்கா என்றுகூடத் தோன்றியது.

"அப்ப நான் போவலடா. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில், அது எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். செல் நம்பரையும் சூட்டின் எல்லையையும் வைத்திருந்த ஃபைலின் முதல் எழுத்திலேயே விழுந்திருந்தது. அதை நிரப்பியவள் அக்கா. மளிகைச் சீட்டுக்கே பிள்ளையார் சுழி போடுகிறவள் இதை விடுவாளா? உச்சியில் ஒரு 'உ'. நான் ஓட்டும்போது என் கணக்கின் மொழி அமைப்பு கூடவே வரும், தமிழ் புரியும். தானாகக் கிளம்பும்போது அந்த அமைப்பு கிடையாது. பழைய கம்ப்யூட்டர், 'உ'வைப் பார்த்து மிரண்டுவிட்டது.

"அழிச்சிடவா?"

"பொண்ணு வளகாப்பும் அதுவுமா பிள்ளையார் சுழிய அழிப்பியா?"

அழிக்கவில்லை. தானாகக் கிளம்பும்போதும் அதற்குத் தமிழ் தெரியும்படி ஒரு வரி சேர்த்தேன். ஓடியது.

நல்லூரில் மகளுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கையில் வளையலுக்குப் பதில் செல் இருந்தது.

"மெசேஜே வரலியேடா."

"வரலன்னா எல்லாம் சரியா இருக்குதுன்னு அர்த்தம்க்கா."

"அது செத்துக் கெடந்தாலும் வராதே?"

இத்தனை நாள் மண்டையை உடைத்தும் இதை யோசிக்கவில்லையே! வாசலில் அவள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து, செல் வழியாக யூனிட் கம்ப்யூட்டருக்குள் போனேன். சூடு சரியாக இருக்கும்வரை அவ்வப்போது ஓர் எழுத்தை அனுப்பச் சொன்னேன்.

அக்காவின் செல் சிணுங்கியது. பார்த்தாள். 'உ'.

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மகள் கையை நீட்டினாள்.