கண்ணாடித் தட்டில் வளர்ந்த தோல்

கட்டுப் போடுவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஒட்டிப்போன கட்டைப் பிரிப்பதுதான் எங்கள் தொழில். நர்ஸ் வேலை பார்த்த சகோதரிகள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். எழுபதுகளின் கடைசியில் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்ட ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

வழவழப்பான இடம்

ஏலக்காய் எடுக்கும் செல்லத்தாய் தன் மகள் வடிவை இடுப்பில் தூக்கவே மாட்டாள். முறத்தில் பஞ்சு பரப்பி ஏந்தி வருவாள். லேசாக உரசினாலே பிள்ளையின் தோல் கொப்பளித்துக் கழன்றுவிடும். பிறவி நோய். மூத்த மகளும் அதில்தான் போனாள்.

ஒருநாள் கட்டுப் பிரிக்கும்போது கவனித்தேன். வடிவின் முதுகில் ஓரிடத்தில் மட்டும் கொப்புளமே இல்லை. சின்னப் பிள்ளையின் உள்ளங்கை அளவு, வழவழவென்று இருந்தது. செல்லத்தாய் சாதாரணமாகச் சொன்னாள்: "மூத்தவ சாகுமுன்ன இவளத் தடவிக் குடுத்த எடம் அது, நர்சம்மா."

ஒட்டியதும் ஒட்டாததும்

மதராசிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். "தோலுக்கும் விதை மாதிரி செல் உண்டும்மா. அதைக் கண்ணாடித் தட்டுல வெச்சு வளர்த்துப் பார்க்கிறோம்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, புண் ஓரத்தில் ஒரு துணுக்கும் வழவழப்பான இடத்தில் ஒரு துணுக்கும் எடுத்தார். அழுத பிள்ளையைப் பிடித்துத் தேற்றவும் வழியில்லை. காதருகே குனிந்து பேசிக்கொண்டே இருந்தேன். டாக்டர் துணுக்குகள் வைத்த ஐஸ் டப்பாவோடு குமுளியில் கம்பம் பஸ் ஏறிப் போனார்.

திரும்பி வந்து சொன்னார். புண் பக்கத்துத் தோல் தட்டில் ஒட்டாமல் மிதந்து செத்துவிட்டது. மற்றது பிடித்துக்கொண்டு பரவுகிறது. ஆனால் அதை உடம்பில் வைக்க இன்னும் வழி தெரியவில்லை. கடைசியாகச் சொன்னது செல்லத்தாய் காதில் விழவே இல்லை. "பெரியவ இன்னும் கைய எடுக்கல, பாத்தீகளா!"

பெட்டிக்குள்

அந்த வருஷ மழையில் புண்ணெல்லாம் சீழ் பிடித்து வடிவு போய்விட்டாள். அது தெரியாமல் டாக்டர் துணிப் பொம்மையோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் பொம்மையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தத் தோலு?" என்றாள் செல்லத்தாய்.

"உயிரோட இருக்கும்மா. வளருது."

"அதுக்குக் குளிராதா?"

"மதராசுல, உடம்புச் சூட்டுல ஒரு பெட்டிக்குள்ள வெச்சிருக்கோம்."

அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப நான் முழுப் பிள்ளையப் பொதைக்கல, சார்."

உயிர் போய்விட்டதா என்றறிய நாடி பிடிக்கச் சொல்லித் தந்தவர்கள், எந்த ஊரில் பிடிக்க வேண்டும் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.