ஏரிக்கரை ஏறிய கியர் மலை ஏறவில்லை

வலது முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆனதும், சைக்கிள் ஓட்டலாம், ஆனால் அழுத்தி மிதிக்கக் கூடாது என்றார் மருத்துவர். என் மனைவி கலா அதற்கு மேல் ஒரு நிபந்தனை வைத்தாள்: முட்டி மறுபடி வீங்கினால் சைக்கிளை விற்றுவிட வேண்டும். இந்த மார்கழியில் ஒரு முறை, தையில் ஒரு முறை என்று உத்திரமேரூரிலிருந்து ஒரு மலைக்கோயிலுக்குப் போனது அந்த நிபந்தனையோடுதான்.

இடம் திருமுக்கூடல் தாண்டி, வீட்டிலிருந்து 24 கி.மீ. கடைசி 1.2 கி.மீ. சிமெண்டு ஏற்றம், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயர்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே அங்கே போதும்.

எங்கள் பக்கம் தரை தட்டை. மேடு என்றால் ஏரிக்கரைதான். பழைய மொபெட் வாங்குகிறவர்கூட நெல் மூட்டையைப் பின்னால் வைத்து, கரையில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். நானும் கேரியரில் அரிசிச் சிப்பம் கட்டி ஏற்றிப் பார்த்தேன். மிதிகட்டையோடு சுற்றும் பல்சக்கரத்தில் 38 பல், பின்னால் இருப்பதிலேயே பெரியதில் 28. வண்டி ஏறிவிட்டது. இது எந்த மலையும் ஏறும் என்றான் கூட வந்த கலாவின் தம்பி சேகர்.

மார்கழியில் இருவரும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழு மணிக்கு அடிவாரம் சேர்ந்தோம். முதல் இருநூறு மீட்டர் சுகம். அதன் பிறகுதான் புரிந்தது, ஏரிக்கரையில் என்னை ஏற்றியது கியர் அல்ல, கீழே இருந்து ஓடி வந்த வேகம். அந்த வேகம் தீர்ந்ததும் ஒவ்வொரு மிதியும் முட்டியில் இறங்கியது. இரண்டாம் வளைவில் இறங்கித் தள்ளினேன். எழுந்து நின்று மிதித்தே மேலே போய்விட்டிருந்த சேகர், வேகம் பத்தவில்லை என்று தீர்ப்புச் சொன்னான்.

மாலையில் முட்டி வீங்கியது. கொசுக்கடி என்றேன். கலா ஐஸ் கட்டி எடுத்து வந்தாள்.

“இன்னொரு வாட்டி இப்டி வந்தீங்கன்னா, வண்டிய நானே வித்துடுவேன்.”

அவள் சொன்னால் செய்வாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

வீக்கம் வடிந்ததும் காஞ்சிபுரத்தில் பின்பக்கத்துக்கு 42 பல் வரை உள்ள செட் மாட்டினேன். செயினும், அதை இழுத்துப் பிடிக்கும் கையும் நீளமானதாக மாற்ற வேண்டியிருந்தது. கூலியோடு 4,200 ரூபாய்.

“இன்னா மாமா, இட்லித் தட்டு மாட்டிக்கினு வந்துகீறீங்க?” என்றான் சேகர்.

தையில், ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே அந்தத் தட்டுக்கு மாறிக்கொண்டேன். மணிக்கு ஆறு கி.மீ. வேகம். நடந்து போன ஒரு குடும்பத்தை முந்த ஒரு வளைவு முழுக்கத் தேவைப்பட்டது. அவர்கள் வீட்டுக் குழந்தை டாட்டா காட்டி, கை வலித்து, நிறுத்தியும்விட்டது. கால் ஊன்றாமல் மேலே சேர்ந்தேன். அவ்வளவு சந்தோஷப்பட்டு நாளாகிவிட்டது.

போகிறவர்களுக்கு: முன் சக்கரப் பற்களின் எண்ணிக்கையை, பின்னால் இருக்கும் பெரிய சக்கரப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். என்னுடையது முதலில் 1.36, இப்போது 0.9. இந்த மாதிரி ஏற்றத்துக்கு, அதுவும் முட்டி சரியில்லை என்றால், ஒன்றுக்குக் கீழே வேண்டும். ஓடி வந்து ஏறிப் பார்க்காதீர்கள். சரிவின் நடுவில் நின்று, அங்கிருந்து மிதித்துப் பாருங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில். மேலே கடை கிடையாது.

அன்று மாலை கலா என் முட்டியைக் கட்டைவிரலால் நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“வண்டிய வெளியவே வுட்டுக்கீறீங்க. பனி பெய்யுது, உள்ள எடுத்து வைங்க.”