சருகுகளுக்கு அடியில் ஐஸ்

போன நவம்பரில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மலைப்பாதையில் நடக்க நானும் என் கணவரின் தங்கை கலாவும் போனோம். மில்லிக்கனில் எங்கள் வீட்டடியில் கார் ஏறியபோது நல்ல வெயில். பாதி மலை ஏறியதும் பனி கொட்டத் தொடங்கியது. "இன்னும் கொஞ்சத் தூரந்தான், உச்சியைப் பாத்திட்டு இறங்குவம்" என்றேன் நான்.

இறங்கும்போது சருகுகளுக்கு அடியில் ஐஸ் பிடித்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. முன்னால் போன கலா விழுந்து, சரிவில் வழுக்கிக்கொண்டே போனாள். பாறை விளிம்புக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மரம் அவள் கையில் அகப்பட்டது. அதற்கு அப்பால் வெறும் பள்ளம்.

நான் ஓடப் பார்த்தேன்.

"மச்சாள், வராதேங்கோ! நீங்களும் வழுக்கிடுவியள்!" என்று கத்தினாள்.

போனை எடுத்தால் சிக்னல் இல்லை.

"கை விறைக்குது மச்சாள். கன நேரம் பிடிக்கேலாது."

பாதையோரத்துப் பெரிய மரத்தைக் கால்களால் பின்னிக்கொண்டு குப்புறப் படுத்தேன். என் சால்வையை வீசினேன், எட்டவில்லை. ஜக்கற்றைக் கழற்றி, அதன் கையில் சால்வையை இறுக்கி முடிந்து மறுபடி வீசினேன். அதைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்ல மெல்ல ஊர்ந்து மேலே வந்தாள்.

பிறகு எழுந்து நிற்கவே எங்களுக்குத் துணிவில்லை. நிலத்தில் இருந்தபடியே அரக்கி அரக்கி நகர்ந்து அடிவாரம் வந்தோம். காருக்குள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதோம்.

இப்போதும் நடக்கப் போகிறோம். குளிர் தொடங்கிவிட்டால், சப்பாத்தில் மாட்டும் இரும்பு முள்ளுப்பட்டி பையில் இருக்கும். எந்தப் பாதை என்று வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புகிறோம். பனி விழத் தொடங்கினால், உச்சி கண்முன்னே நின்றாலும் நான் திரும்பிவிடுகிறேன்.