கற்பகம் பதிந்த வலி

கேரள மலையில் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கற்பகத்துக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். பள்ளிவாசல் எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, தேயிலைக் கொழுந்து கிள்ளிய அம்மாவின் சம்பளத்தில் நர்சிங் படித்தவள். நர்ஸ்கள் இனி தங்கள் போக்கில் எழுதக் கூடாது, எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவான சொற்களைத்தான் டேப்லெட் திரையில் தொட்டுப் பதிய வேண்டும் என்று போன வருடம் உத்தரவு வந்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கற்பகம் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள். ஆளுக்கு ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான். மேட்ரன் அவளையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். சேச்சியின் விரலுக்குக் கண் இருக்கிறது என்று இளைய நர்ஸ் டின்சி கேலி செய்வாள். அந்தப் பெயர் கற்பகத்துக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம், ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் சின்னத்தாயை வயிற்றுவலி என்று ஜீப்பில் கொண்டுவந்தார்கள். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டாள் கற்பகம். சின்னத்தாய் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு இருக்கும் தாயி" என்றாள்.

தோட்டத்தில் வலியைக் கூட்டிச் சொல்பவளுக்கு மறுநாள் வேலை நிச்சயமில்லை. சூப்பர்வைசரிடம் குறைத்துச் சொல்லிச் சொல்லி, டாக்டரிடமும் அதே பழக்கம் வந்துவிடும். கற்பகத்தின் அம்மாவும் கர்ப்பப்பை இறங்கிய பிறகுகூட லேசாக இழுக்கிறது என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டியவள்தான். சின்னத்தாய் முழங்காலை வயிற்றோடு மடக்கி, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்ததைக் கற்பகம் பார்த்தாள். சொல்வதும் உடம்பு காட்டுவதும் பொருந்தவில்லை என்று பதிய டேப்லெட்டின் சொற்பட்டியலிலேயே இடம் இருந்தது. அதைத் தொட்டால் ஆறு கேள்விகள் திறக்கும். வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். 'லேசான வலி, இரண்டு' என்று தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

வெளியூரில் இருந்த டாக்டர் அதைப் போனில் பார்த்து, ஸ்கேன் காலையில் போதும் என்றார். காலையில் குடல்வால் வெடித்திருந்தது. தேனிக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் காயம் சீழ் பிடித்துக்கொண்டது.

மேட்ரன் பதிவைப் பார்த்தார். நோயாளி சொன்னதும் இரண்டு, பதிந்ததும் இரண்டு. கற்பகத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனாலேயே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாவது வாரம் சின்னத்தாய் கட்டு மாற்ற வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். கற்பகம் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சின்னத்தாய் கேட்டாள்: "நான் ரெண்டுன்னு சொல்லப்போயி உனக்குப் பேச்சு வாங்கிக் குடுத்துட்டனா தாயி?"

அதெல்லாம் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அத்தோடு முடிந்துவிடும். கற்பகம் பஞ்சைத் தட்டில் வைத்தாள்.

"அது ரெண்டு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா. நீங்க படுறதப் பாத்தேன். அவசரத்துல பதியாம விட்டுட்டேன்."

சின்னத்தாய் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். குரல் உயராமல் பேசினாள். "ஒன்ற மாசமா மக வீட்டுல பாரமாக் கெடக்கேன். லயத்துல பொறந்த பிள்ள, சொல்லாமலே உனக்குத் தெரியும்னுதான் அன்னைக்கு ரெண்டுன்னதோட வாய மூடிட்டுக் கெடந்தேன்."

சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "அந்தச் சின்னப் பிள்ளைய வரச் சொல்லு. அது கட்டட்டும்."

கற்பகம் கையுறையைக் கழற்றினாள். டின்சியை உள்ளே அனுப்பிவிட்டு மேட்ரனிடம் போய், அன்றைய பதிவில் தான் பார்த்ததைச் சேர்க்க வேண்டும் என்றாள். சேர்த்தால் அது உன் பேரில் தப்பாக நிற்குமே என்றார் மேட்ரன்.

"நிக்கட்டும் மேடம்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.